எங்க வீட்ல எடுத்த காதல் படம்

அட, நேரா கையை வெச்சு ஸ்விட்சைப் போட்டுட்டியே! பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கற ஸ்விட்ச் அது. என் தம்பி இத்தனை வருஷமா இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போறான், இன்னமும் சுவத்தைத் தடவிக்கிட்டு நிப்பான். நீ இப்பத்தான் முதல் தடவையா வர்றேன்னு சொன்னே.

ஓ, எடிட்டரா. எடுத்ததை எல்லாம் வெட்டி ஒட்டறது. அப்பச் சரி. ஷூட்டிங் நடக்கும்போது நீ வரலை, ஆனா கம்ப்யூட்டர்ல என் வீட்டை என்னைவிட அதிகமாப் பார்த்தவ நீதான்னு சொல்லு. மாடிப்படியில எந்தப் படி சத்தம் போடும்னுகூட உனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியுமா? எது? ஆமாம், நாலாவது. பாரேன்!

உட்காரு. காப்பி குடிப்பியா? பேர் என்ன சொன்னே... ரெஹானா. நல்ல பேரு. கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சா, சரி. அந்த வீட்லயும் உன்னை ரெஹானான்னுதானே கூப்பிடறாங்க? ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்.

நீ வந்த விஷயம் புரிஞ்சுது. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் அதே மைதானத்துல திரும்பவும் படம் போடறீங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னால இவர் போட்டோவைத் திரையில காட்டி, ‘மாசிலாமணி சார் நினைவாக’ன்னு போடப் போறீங்க. நான் முதல் வரிசையில வந்து உட்காரணும். நல்ல மனசு உங்களுக்கு. இந்தக் காலத்துல வீடு கொடுத்தவரை யார் நினைச்சுக்கறாங்க. போட்டோ தர்றேன், எடுத்துக்கிட்டுப் போ. ஆனா நான் வரலைம்மா.

மூட்டு வலி எல்லாம் இல்லை. மைதானம் தெருமுனையிலதானே இருக்கு. புருஷன் போன துக்கத்துல சொல்றேன்னும் நினைச்சுக்காதே. எனக்கு அந்தப் படம் பிடிக்கலை, அவ்வளவுதான். படம் நல்லாத்தான் இருந்தது. அது வேற. எனக்குப் பிடிக்கலை.

ஏன்னு கேட்கறே. கேட்டா சொல்லித்தான் ஆகணும். இரு, பாலை வெச்சுட்டுப் பேசலாம். நீயும் உள்ள வா. சமையக்கட்டு உனக்குப் பழக்கமான இடமாச்சே.

என் பேர் என்னன்னு நினைக்கறே? ‘சரோஜாம்மா வீடு எது’ன்னு தெருவுல கேட்டுட்டுத்தானே வந்தே. பால்காரருக்கு நான் சரோஜாம்மா, பக்கத்து வீட்டு மேரிக்கு சரோஜாக்கா, ரேஷன் கடைல சரோஜா மாசிலாமணி. அது நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூணாம் நாள் எனக்கு வெச்ச பேரு. அதுக்கு முன்னால என் பேரு நீலாயதாட்சி.

ஏன்ம்மா அப்படிப் பார்க்கறே? ஆமாம், உங்க படத்துல வர்ற பொண்ணு பேருதான். நீலா. அங்கதான் இருக்கு விஷயமே. பொறுமையாக் கேளு.

நாகப்பட்டினத்து அம்மன் பேர் அது. எங்க ஊர்ப் பக்கம் தெருவுக்கு ரெண்டு நீலாயதாட்சி இருப்பாங்க. வீட்ல நீலான்னு கூப்பிடுவாங்க. காலேஜ்ல மட்டும் முழுப் பேர். ரெண்டு வருஷம் தமிழ் பி.ஏ. படிச்சேன், முடிக்கலை. எங்க தமிழம்மா அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மத்தப் பேரை எல்லாம் கடகடன்னு வாசிச்சுக்கிட்டு வருவாங்க. என் பேர் வந்ததும் நிதானிப்பாங்க. நீலா... யதாட்சி. எரியற குத்துவிளக்கை அணையாம இறக்கி வெக்கற மாதிரி சொல்லுவாங்க. நான் உடனே ‘உள்ளேன் அம்மா’ சொல்ல மாட்டேன். அந்தப் பேர் வகுப்புல ஒரு சுத்து சுத்தி அடங்கற வரைக்கும் கேட்டுட்டு, அப்புறம்தான் எழுந்திருப்பேன். அவ்வளவு கர்வம்.

என் மாமியார் பேரும் நீலாயதாட்சிதான். அவங்களும் அந்தப் பக்கத்துக்காரங்கதானே. ஜாதகம் பார்த்தாங்க, நிறம் பார்த்தாங்க, பல்லு வரிசை பார்த்தாங்க. பேரை யாரும் பார்க்கலை. மூணாம் நாள் காலையில, பந்தல்கூடப் பிரிக்கலை, இவரோட சித்தி ஆரம்பிச்சாங்க. “ஏண்டா மாசிலா, கோவம் வந்தா பொண்டாட்டியை என்னன்னு கூப்பிடுவே? ‘ஏய் நீலா, வாடி இங்க’ன்னா உங்கம்மால்ல எழுந்து வருவா!” கூடத்துல அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். புதுப் பொண்ணு, சிரிக்காம என்ன செய்வேன். அத்தை மட்டும் சிரிக்கலை. “பெத்தவ பேரைச் சொல்லிப் பொண்டாட்டியைக் கூப்பிட்டா விளங்குமா?”ன்னாங்க. சுவத்துல மளிகைக் கடை காலண்டர் தொங்கிச்சு, தாமரை மேல லட்சுமி. சித்தி அதைப் பார்த்தாங்க. “சரோஜான்னு வெச்சிடுங்க. தாமரைதானே, லட்சணமா இருக்கு.” முடிஞ்சது. ஒரு கூறு கத்தரிக்காய் பொறுக்கற நேரம்கூட ஆகலை.

இவர் அங்கதான் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்துட்டிருந்தார்.

அந்த ஆடிக்கு என்னை அழைச்சுட்டுப் போக எங்கப்பா வந்தார். கையில பலகாரக் கூடை. வாசல்ல நின்னு, “நீலா! அம்மா நீலா!”ன்னு குரல் கொடுத்தார். நான் கொல்லையிலேர்ந்து ஓடி வர்றேன். எனக்கு முன்னால அத்தை போய் நிக்கறாங்க. “என்ன சம்பந்தி? பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு ஆயிடுச்சா?” எங்கப்பா முகம் செத்துப் போச்சு. அந்தக் கூடையைக் கீழே வெக்கறதா, கையிலயே வெச்சுக்கறதான்னு தெரியாம நின்னார் பாரு. அதுக்கப்புறம் அவர் இருந்த வரைக்கும் எனக்கு ‘அம்மாடி’தான். நாகப்பட்டினத்துல எங்க சொந்த வீட்டுக்குள்ளகூட நீலான்னு சொல்லலை. பயந்துட்டார்.

என்ன கீழயே பார்க்கறே? என் காலையா? பித்தவெடிப்புக்கு மருந்து போட்டிருக்கேன், அதான் மஞ்சளா இருக்கு. ஒரு கால் மேல இன்னொரு காலை வெச்சு நிக்கறது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். அடுப்பு முன்னால நின்னாலே அப்படித்தான். “கொக்கு, கொக்கு”ன்னு அத்தை வாயாற வைவாங்க. இந்தா, காப்பி. சூடு பார்த்துக் குடி.

இவரைக் குறை சொல்ல முடியாதும்மா. துறைமுகத்துல வேலை. போவார், வருவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கையை ஓங்கினது கிடையாது. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஊருக்கெல்லாம் நான் சரோஜா, சரி. கதவைச் சாத்தின பிறகு, காதோட, ஒரே ஒரு தடவை நீலான்னு கூப்பிட்டா என்ன? அத்தை காதுலயா விழப் போகுது? கூப்பிடலை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு வாங்கற சாமானா அது?

அத்தை நல்லா இருந்துட்டுத்தான் போனாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, வந்தவங்க எல்லாம் கிளம்பி, வீடு அமைதியாச்சு. எனக்கு அப்பத் தலை நரைக்க ஆரம்பிச்சாச்சு. அந்த வயசுலயும் ஒரு நினைப்பு பாரு, ‘அந்தப் பேர் இப்பக் காலியாத்தானே இருக்கு’ன்னு. யார்கிட்டயும் சொல்லாதே, சிரிப்பாங்க. செத்தவங்க புடவையை எடுத்துக் கட்டிக்க ஆசைப்பட்ட மாதிரி எனக்கே வெட்கமா இருந்தது. மறுநாள் காலையில இவர் எழுந்தார். நான் இதே இடத்துல நின்னுக்கிட்டிருந்தேன். இவர் வாசப்படிகிட்ட வந்து நின்னார். நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம், “சரோஜா, என் வேட்டி எங்க?”ன்னார்.

காஞ்ச வேட்டி அவர் தோள் மேலயேதான் கிடந்தது.

அன்னிக்கு விட்டேன் அந்த ஆசையை. விட்டுட்டேன்னுதான் நினைச்சேன்.

இப்ப உங்க படத்துக்கு வர்றேன். அந்த டைரக்டர் பொண்ணு மிருதுளா, பழைய வீடா, சிவப்புத் தரையா, மாடிப்படி மரத்துல இருக்கணும்னு சிந்தாதிரிப்பேட்டையையே சல்லடை போட்டுச் சலிச்சுட்டு இங்க வந்து நின்னா. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவரையே கூடத்தைத் தாண்ட விட மாட்டார் இவர். அந்தப் பொண்ணு, “ஒரு காதல் படம் சார், கல்யாணமான ரெண்டு பேர், முழுக்க ஒரே வீட்டுக்குள்ள”ன்னா. இவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “எடுத்துக்கோங்க”ன்னுட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ தினம் சாயங்காலம் வருவா. ரெண்டு பேரும் மாடிப்படியில உட்கார்ந்து பேசுவாங்க. நான் காப்பி கொண்டு போனா, பேச்சு நின்னு போகும்.

ஷூட்டிங் ஆரம்பிக்கற சமயத்துல என்னை ஓசூருக்குப் பையன் வீட்டுக்கு அனுப்பிட்டார். எனக்குத் தூசி ஒத்துக்காதாம், வீசிங் வருமாம். அரிசி புடைச்ச காலத்துல வராத வீசிங்! சினிமாக்காரங்க மத்தியில தான் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கணும், நான் குறுக்கே நெடுக்கே நடக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா. திரும்பி வந்து பார்த்தா, ஜன்னலுக்கு நீலத் துணி தொங்குது, கண்ணாடி இடம் மாறியிருக்கு, உளுந்து டப்பாவுல துவரை இருக்கு. “என்னங்க இது?”ன்னு கேட்டா, “படம் வரட்டும், பாரு”ன்னார். ஒரு வருஷத்துக்கு மேல அதே பதில்தான். “வரட்டும், பாரு.”

பங்குனியில வந்தது. தியேட்டர்ல எல்லாம் போட மாட்டாங்க, சின்னப் படம், இப்படி மைதானத்துல ஜனங்களை உட்கார வெச்சுத்தான் காட்டுவோம்னா மிருதுளா. வாலிபால் கம்பம் ரெண்டுக்கும் நடுவுல வெள்ளைத் திரையைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தெருவே திரண்டு போச்சு. இவர் வெளுத்த வேட்டி, புதுச் சட்டை. என்னைப் பட்டுப் புடவை கட்டிக்கச் சொன்னார்னா நம்புவியா? சுண்டல் தின்னுக்கிட்டுப் பார்க்கற படத்துக்குப் பட்டுப் புடவை!

காத்து அடிச்சா திரை உப்பும். கதாநாயகி முகம் பூரி மாதிரி ஆயிடும், பசங்க எல்லாம் கைதட்டுவாங்க. பறக்கும் ரயில் தலைக்கு மேல போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்காது, அவங்க பாட்டுக்கு வாயசைப்பாங்க. திரைக்கு முன்னால ஒரு நாய் படுத்துக்கிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுடுச்சு. என் வீட்டைப் பார்த்ததும் எங்க தெருப் பொம்பளைங்களுக்கு ஒரே சந்தோஷம். “அக்கா, உங்க கிரைண்டர்!”, “ஐயோ, அது நான் கொடுத்த முறம்!” படத்துல புருஷனா வர்ற பையன் என் சமையல் மேடையில அந்தப் பொண்ணைத் தூக்கி உட்கார வெச்சுட்டு வெங்காயம் நறுக்கறான். மேரி என் முதுகுல ஒரு தட்டு தட்டினா. “சரோஜாக்கா, உங்க வீட்டு சமையக்கட்டுல இவ்வளவு நடக்குதா? ஒரு நாள்கூட சொல்லலையே எங்ககிட்ட!” எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அப்பத்தான் அந்தப் பையன் கூடத்துலேர்ந்து கூப்பிடறான், “நீலா!”

எனக்கு மேலெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. என் வீட்டுக்குள்ள, ஒரு ஆம்பளைக் குரல், நீலான்னு. நான் கொஞ்சம் விட்டா எழுந்து நின்னிருப்பேன். உடனே எனக்கு உறைச்சது. அத்தை பேராச்சே! திரும்பி மிருதுளாகிட்ட கேட்டேன், பின் வரிசையிலதான் இருந்தா. “இந்தப் பேர் யாரு வெச்சது?”ன்னேன். “சார்தாம்மா. வேற எந்தப் பேரும் வேண்டாம், நீலான்னே இருக்கட்டும்னு ஒத்தக் கால்ல நின்னார்”னா. சிரிச்சுக்கிட்டே சொல்றா, எனக்கு நல்ல சேதி சொல்ற மாதிரி.

பார்த்தியா? ஒரு காதல் படம் எடுக்க வீட்டைக் கொடுத்தார். அதுல வர்ற பொண்ணுக்குப் பேர் கேட்டாங்க. கட்டின பொண்டாட்டி பேரு, அவங்களா வெச்ச சரோஜாவாவது வாயில வந்திருக்கலாம். வரலை. அம்மா பேர்தான் வந்தது.

அதுவும் எப்படி? அந்தப் பையன் கொஞ்ச நேரத்துல, “நீலா, வாடி இங்க”ங்கறான். டி போட்டு! இதுக்காகத்தானேம்மா என் பேரையே பறிச்சாங்க, பெத்தவளை டி போட்டுக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்னு? இங்க நூறு பேர் மத்தியில அவன் கத்தறான். இவர் முகத்துல ஒரு சுளிப்பு இருக்கணுமே! இல்லை. வாயெல்லாம் பல்லா உட்கார்ந்து பார்க்கறார். அம்மா மேல அப்படி ஒரு பக்தி, எதுவும் தப்பாத் தெரியலை.

அதுக்கப்புறம் எனக்குப் படத்துல மனசே போகலை. என்னமோ காட்டறாங்க. அந்தப் பொண்ணு கடையில வாங்கின பொட்டலத்தைப் பிரிச்சு, அந்தக் காகிதத்தை நீவி விட்டு நின்னுக்கிட்டே படிக்குது. இந்தக் காலத்துல யாரும்மா பொட்டலக் காகிதம் படிக்கறாங்க? நான் படிப்பேன். எனக்கு அப்ப வேற என்ன இருந்தது? காலேஜ் புத்தகத்தை எல்லாம் நாகப்பட்டினத்துல விட்டுட்டு வந்தாச்சு. இந்த வீட்ல படிக்கறதுக்கு இருந்தது காலண்டரும் கடலைப் பொட்டலமும்தான். பாதிக் கதை, கால் கவிதை, கிழிஞ்ச இடத்துக்கு மேல நானே கட்டிச் சேர்த்துக்குவேன். அத்தைக்கு அது என்னன்னே புரியாது, அவங்களுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. மிருதுளாவுக்கு எப்படித் தோணிச்சோ. படிச்ச பொண்ணுங்களுக்கு எல்லாம் ஒரே கிறுக்குதான் போல.

அப்புறம் அந்த மொட்டைமாடிக் காட்சி. அது நீயே வெட்டி ஒட்டினதுதானே, சொல்லணுமா. மழை. அந்தப் பொண்ணு துணி எடுக்க மேலே போகுது. எங்க மாடிக் கதவுல உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், காத்துல தானா விழுந்துக்கும். பொண்ணு வெளியே மாட்டிக்குது. பையன் ஓடி வர்றான். வந்தவன் கதவைத் திறக்காம, இந்தப் பக்கம் படியில உட்கார்ந்துக்கறான். கதவுல நெத்தியை வெச்சுக்கிட்டு, “நீலா... நீலா...”ன்னு கூப்பிடறான். அவ பதில் சொல்லாம அந்தப் பக்கம் நின்னு கேட்கறா. மழை கொட்டுது. அவன் அவளை எவ்வளவு பிடிக்கும்னு என்னென்னமோ சொல்றான். மைதானத்துல ஒரு சத்தம் இல்லை. நல்ல வேளை, ரயிலும் வரலை.

அது எனக்கும் நடந்ததுதான், புதுசா வந்தப்போ. திடீர்னு ஒரு கோடை மழை. நானும் வடகம் எடுக்கப் போய் மாட்டிக்கிட்டு, கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டினேன். இவர் செருப்புச் சத்தம் கேட்டது. நாலாவது படி கிறீச்சுன்னது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னது தெரிஞ்சுது. அப்புறம் ஒண்ணும் காணோம். நான் நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன், தாழ்ப்பாள் அசையலை. எவ்வளவு நேரம்! என்னதான் செஞ்சாரோ, மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நின்னிருப்பார். கடைசியில திறந்து, “வடகம் நனைஞ்சிடுச்சா?”ன்னார். அவ்வளவுதான் நம்ம வீட்டுக் காதல். சினிமாவுல வேணா கதவைக் கட்டிக்கிட்டுக் கூப்பிடுவாங்க.

அந்தக் காட்சி ஓடிக்கிட்டிருக்கும்போது இவர் என் பக்கம் திரும்பினார். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. திரை வெளிச்சம் அவர் கண்ணாடியில ஆடுது. என் கை மேல கையை வெச்சார். அப்படியெல்லாம் வெக்கற மனுஷன் இல்லை. “நான் அன்னிக்கு...”ன்னு ஆரம்பிச்சார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். கையை உதறினேன். “போதுமா? உங்கம்மா பேரை மைக் வெச்சு ஊரே கேட்கற மாதிரி கத்த விட்டாச்சு. செத்த பிறகும் அவங்களுக்குத்தான் அந்தப் பேரு. இப்பக் குளுந்துதா மனசு?” மெதுவாத்தான் சொன்னதா நினைச்சேன். முன் வரிசையில நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியால துடைக்க ஆரம்பிச்சார். துடைச்சுக்கிட்டே இருந்தார். படம் முடிஞ்சுது, எல்லாரும் எழுந்து கைதட்டினாங்க, மிருதுளா ஓடி வந்து, “சார், பிடிச்சுதா? அம்மா, உங்களுக்கு?”ன்னா. “நல்லா இருக்கும்மா”ன்னேன். இவர் அவ தலையைத் தொட்டார். வர்ற வழியில, “பார்த்து வா, பள்ளம்”னு ஒண்ணு சொன்னார். அந்தப் படத்தைப் பத்தி அதுக்கப்புறம் இந்த வீட்ல பேச்சே கிடையாது. ஆடியில போயிட்டார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர்தான்.

இவ்வளவுதாம்மா. நீயே சொல்லு, நான் வந்து முதல் வரிசையில உட்கார்ந்து திரும்பவும் அந்த நீலாவைக் கேட்கணுமா? கோவமா இருக்கேன்னு நினைக்காதே. அலுத்துப் போச்சு.

ஏன் கண் கலங்கறே? உங்க வீட்லயும் மாமியார் இப்படித்தானா?

என்னது? மெதுவாச் சொல்லு, எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்.

இவர் குரலா? படத்துல இவர் பேசவே இல்லையே. ஓ, படத்துல இல்லை. எடுக்கும்போது. காட்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே மைக் ஓட ஆரம்பிச்சுடும், பக்கத்துல யார் பேசினாலும் அதுல விழும்கறே. நீ வெட்டிப் போடறதுக்கு முன்னால அதை எல்லாம் கேட்டுத்தான் ஆகணும். சரி. அதுல இவர் பேசறார். யார்கிட்ட? நடிக்க வந்த பொண்ணுகிட்ட. என்ன பேசறார்?

“அப்படி இல்லைம்மா, ஒரு கால் மேல ஒரு காலை வெச்சுத்தான் நிப்பா.” இவரா சொன்னார்? “பொட்டலத்தைப் பிரிச்சா முதல்ல காகிதத்தைப் படிப்பா, அப்புறம்தான் சாமானை டப்பாவுல கொட்டுவா. அவ படிச்ச பொண்ணு.”

அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதும்மா.

இரு. பேசாதே, இரு.

ம், சொல்லு. மாடிக் கதவு. அந்தப் பையன்கிட்டச் சொன்னாரா? “இதே இடத்துலதான் நின்னேன் தம்பி. கூப்பிடணும்னுதான் ஏறி வந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. கீழே அம்மா இருமினாங்க. நீயாவது கூப்பிட்டுடு.”

நீயாவது கூப்பிட்டுடுன்னா சொன்னார்?

யாரைன்னு சொன்னார்? இல்லை, அவர் சொன்ன மாதிரியே சொல்லு, உன் வார்த்தை வேண்டாம். “என் சம்சாரம் நீலா.” திரும்பச் சொல்லு. இன்னொரு தடவை. நிறைய இடத்துல வருமா? ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலயா? லைட்டு பிடிச்சவர், டீ கொடுத்தவர், எல்லாரும் கேட்டிருப்பாங்க இல்ல. சின்னப் பசங்க. இந்தக் கூடத்துல, இந்த சமையக்கட்டுல நின்னு, இவர் வாயால நீலா நீலான்னு. நான் ஓசூர்ல பேரனுக்கு இட்லி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

அழாதே. உன் காப்பி ஆறிப் போச்சு பாரு, கொடு, சுட வெச்சுத் தர்றேன்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியலை ரெஹானா. முன்னே பின்னே தெரியாத அத்தனை பேர்கிட்டயும் சொல்லத் தெரிஞ்சிருக்கு. பக்கத்து நாற்காலியிலதானேம்மா நான் உட்கார்ந்திருந்தேன்? என்கிட்டச் சொல்ல, அந்த மனுஷனுக்கு வாயைத் திறக்கவே தோணலையே.